மாப்பிள்ளை செட்டு

சக்குபள்ளம் ஜீப் ஸ்டாண்டில் பெரியமுத்துவின் கட்டைவிரல் நகத்துக்குத் தனி மரியாதை உண்டு. டயர்ப் பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் நகத்தை வைத்து அழுத்துவார். நகம் மறைந்தால் டயர் ஓடும். பாதி மறைந்தால் யோசிக்க வேண்டும். நகம் முழுக்க வெளியே நின்றால், "இதைக் கழட்டி ஊஞ்சல் கட்டுப்பா" என்பார். ஜீப்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, "இன்னும் ஒரு மழைக்குத் தாங்காதா மாமா?" என்று தலையைச் சொறிவார்கள். அவரும் வண்டியைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார். "பாத்து ஓட்டு. தாங்கும்" என்பார்.

ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் பெரியமுத்து. அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் உழைத்து அதே லயத்தில் செத்தார்கள். செடிக்குள் குனிந்தே காலத்தை ஓட்ட மாட்டேன் என்று அந்தக் கேரள மலையிலிருந்து கம்பம் டவுனுக்கு இறங்கிப் போய், தேய்ந்த டயருக்குப் புதிய ரப்பர் ஒட்டும் ரீபட்டன் பட்டறையில் சேர்ந்தார். தொழில் கைக்கு வந்ததும் பழைய கம்ப்ரஸர் ஒன்றோடு மலை ஏறி, ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டார். காலையில் அந்தக் கம்ப்ரஸர் தடதடக்கும்போதுதான் ஜீப்புகளில் பெண்கள் ஏறுவார்கள். எட்டுப் பேருக்கான வண்டியில் பதினாலு பேர் ஏறுவார்கள். மடிமேல் மடி, தூக்குவாளிமேல் தூக்குவாளி. காய்ந்த ஏலக்காயை ஏற்றி அனுப்ப முதலாளிகள் மூடிய வேன் வைத்திருந்தார்கள். காய் நனையக்கூடாது. காயைப் பறிக்கிற பெண்கள் நனைந்தால் உலர்ந்துவிடுவார்கள்.

இப்படி ஓடும் வண்டிகளுக்கு அரசாங்க டெஸ்ட் ஒன்று உண்டு. டயரும் பிரேக்கும் விளக்கும் சரியாக இருந்தால்தான் சான்றிதழ். ஸ்டாண்டில் இருந்த ஜீப்புகளின் டயர்களோடு போனால் ஒன்றுகூடத் தேறாது. அதற்காக ஸ்டாண்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜோடனை செய்திருந்தார்கள். திருப்பூருக்குப் பிழைக்கப் போன ஒருவன் விட்டுச்சென்ற ஜீப்பில் நல்ல டயர்கள் இருந்தன. ஸ்டெப்னியோடு சேர்த்து அந்த ஐந்தையும் வாங்கிப் பெரியமுத்துவின் கடைக்குப் பின்னறையில் வைத்தார்கள். எந்த வண்டிக்கு டெஸ்ட் வருகிறதோ அந்த வண்டிக்கு அவை ஏறும். டெஸ்ட் முடிந்ததும் இறங்கும். மொட்டை டயர்கள் மறுபடி தங்கள் இடத்துக்கு வந்துவிடும். இரவல் சட்டையில் பெண் பார்க்கப் போகிறவனை நினைத்து யாரோ அதற்கு மாப்பிள்ளை செட்டு என்று பேர் வைத்தார்கள். பேர் நிலைத்துவிட்டது.

டெஸ்ட் எடுக்கும் அதிகாரியே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "ஈ டயறினெ ஞான் எவிடயோ கண்டிட்டுண்டல்லோ" என்றார். எங்கேயோ பார்த்திருக்கிறாராம்.

"உறவுக்காரங்களா இருக்கும் சாரே" என்றார் பெரியமுத்து. அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பில் பங்கு பெறாதவர்கள் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு போகும் பெண்கள் மட்டும்தான்.

வருடத்தில் சில நாள் மட்டும் வெளியே வருகிற டயர். எப்படித் தேயும்? பட்டன்கள் முளைத்தபடியே நின்றன. பெரியமுத்து ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்துக் கறுப்புப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கி அனுப்புவார். அந்தப் பின்னறையின் சாவி கடைச்சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. ஆணி, டயர் கம்பெனிக்காரன் கொடுத்த மலையாளப் போஸ்டரின் நெற்றியில் அடித்திருந்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும் என்று போஸ்டரில் இருந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், கடைசி இரண்டும் அது பிறந்த வருடம், பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றி எறியுங்கள் என்றும் இருந்தது. பெரியமுத்துவுக்கு மலையாளம் நன்றாகவே படிக்க வரும். பசை தடவி ஒட்டியதும் அவர்தான்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட சமயத்தில் வேல்முருகன் கடைக்கு வந்தான். ஸ்டாண்டில் குடிக்காத டிரைவர்களில் ஒருவன். வளைவில் ஹாரன் அடிக்க ஒருநாளும் மறக்காதவன்.

"மாமா, முன் டயர் ரெண்டுலயும் நூல் தெரியுது. நேத்து இறக்கத்துல வழுக்கிருச்சு. உள்ள இருந்த பொம்பளைக கத்துனது இன்னும் காதுலயே இருக்கு."

"மாத்திரு."

"ஓணத்துக்கு மாத்திருவேன். அதுவரைக்கும் மாப்பிள்ளை செட்டுல ரெண்டைக் குடுங்களேன்."

"ஸ்டாண்டுச் சொத்துப்பா அது. டெஸ்டுக்கு மட்டுந்தான்னு பேச்சு."

"மனுச உசுரு ஏறுது மாமா. பேச்சைப் பாத்தா ஆகுமா?"

அந்த வார்த்தை பெரியமுத்துவைத் தொட்டது. சாவியை எடுத்தார். சாக்கை விலக்கி இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் சாய்த்தார். வழக்கம்போல நகத்தை வைத்தார். நகம் பள்ளத்துக்குள் முழுசாக மறைந்தது. ஆனால் பட்டன்மேல் அழுத்தியபோது நகம் பதியவில்லை. கொம்பைத் தொட்டது போல இருந்தது. பக்கவாட்டில், குதிகால் வெடிப்பு மாதிரி, மெல்லிய கோடுகள் ஓடின. ஒரு கணம் அவர் கை நின்றது. கை சொன்னதை அவர் கேட்கவில்லை. மொட்டை டயரைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைத்தார். பாலிஷ் டப்பாவைத் திறந்து, கோடுகளின் மேல் துணியை ஓட்டினார். எல்லாம் கறுப்பாகிவிட்டது.

மறுநாள் காலையில் ஜீப்பைப் பார்த்ததும் முதலில் கண்டுபிடித்தவள் முருகேஸ்வரிதான். ஸ்டாண்டிலேயே மூத்த காய் எடுப்புக்காரி. வாயைத் திறந்தால் வண்டி முழுக்கச் சிரிக்கும்.

"ஏலே வேலு, மாப்பிள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு வேலைக்கு வந்திருக்க? பொண்ணு யாரு?"

"நீங்கதான் அத்தை."

"எனக்குப் பல்லுல ரெண்டு இல்லையேடா."

"எனக்கு டயர்ல ரெண்டு இல்லாம இருந்துச்சு. சரியாப் போச்சு."

முருகேஸ்வரி பெரியமுத்துவின் பக்கம் திரும்பி, "தம்பி, சீர்வரிசையக் கடையில எடுத்து வையி, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். அன்று சாயங்காலம் வந்தாள். அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வரவில்லை.

இலவமரத்து வளைவு என்று ஓர் இடம். மூடுபனி, சாரல். முன்னிடது டயர் வெடித்தது. ஜீப் ரோட்டோரக் கல்லைத் தாண்டி ஏலச்செடிகளுக்குள் உருண்டு ஒரு மரத்தில் முட்டி நின்றது. முருகேஸ்வரி அங்கேயே போய்விட்டாள். வேல்முருகனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கையும் காலும் உடைந்தவர்கள் பலர். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பூமாரிக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். தானே எழுந்து நின்று, செடிக்குள் கிடந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டவள் அவள்.

பெரியமுத்து போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. வெடித்த டயரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். பட்டன்கள் அப்படியே இருந்தன. பக்கவாட்டில் மட்டும் நீளமாக வாயைப் பிளந்திருந்தது.

"பாருய்யா, பட்டன் ஒண்ணுகூடத் தேயல. பக்கத்துல கடிச்சிருக்கு. இலவமரத்து முனி கடிச்சிருக்கு" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

பெரியமுத்து குனிந்து பிளவின் ஓரத்தைத் தொட்டார். ரப்பர் தூளாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. பிளவு ஓடியிருந்த இடம் அவருக்குத் தெரிந்த இடம். துணியை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓட்டினார் என்பதுகூட நினைவு வந்தது.

முருகேஸ்வரியை எரித்துவிட்டு வந்த அன்று ஸ்டாண்டில் பேச்சு நடந்தது. ஜீப்காரர்களின் செயலாளர் பூபதிராஜா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"டிரைவர் குடிக்காத பய. பிரேக்கு போன மாசம் பாத்தது. டயரு மாப்பிள்ளை செட்டு. அப்ப என்னத்துல கோளாறு?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"முன்சீட்ல யாரு?"

"பூமாரி."

"அவளுக்கு ஒண்ணும் ஆகல. கவனிச்சீங்களா? முனி இருக்குற வளைவு. தீட்டோட முன்னாடி உக்காந்து வந்தா அவரு விடுவாரா?"

"தீட்டா இருந்தாளா?"

"இல்லாமயா இப்பிடி நடக்கும்?"

இதற்குப் பேர் விசாரணை. நடந்ததை வைத்துக் காரணத்தைத் தீர்மானித்தார்கள். பிறகு அந்தக் காரணத்தையே நடந்ததற்குச் சாட்சி ஆக்கினார்கள். பதினாலு பேரை ஏற்றியது காரணம் இல்லை. தோட்டத்து வண்டி இல்லாதது காரணம் இல்லை. ஒரு பெண்ணின் உடம்பு காரணம்.

பூபதிராஜா கடைசியாகக் கடைப்பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா பெரியமுத்து, நீதான மாட்டுன. டயர்ல எதும் கோளாறா?"

இருபது ஜோடிக் கண்கள். அத்தனை பேரும் அந்தச் செட்டைப் போட்டு டெஸ்டுக்குப் போனவர்கள். டயர் பழசு என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று அவர்களுக்கும் தெரியும்.

"பட்டன் எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு" என்றார் பெரியமுத்து.

பொய் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. அந்த வாக்கியத்தை அவர் பிற்பாடு படுக்கையிலும், டயர் கழற்றும்போதும், சோற்றைப் பிசையும்போதும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரு பெண்ணைத் தெருவில் இறக்கிவிட அது போதுமாக இருந்தது.

மறுவாரம் முதல் எந்த ஜீப்பும் பூமாரியை ஏற்றவில்லை. அவள் வந்து நின்றால் டிரைவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். கூட வேலை செய்தவர்கள், "நீ போயிட்டுப் பெறகு வா தாயி" என்றார்கள். எங்கே போய்விட்டு, எப்போது வருவது என்று யாரும் சொல்லவில்லை. தூரத்துத் தோட்டத்து வேலை போயிற்று. பக்கத்தில் கிடைத்த துண்டு வேலைகளுக்கு நடந்தே போனாள். காலையில் பெரியமுத்துவின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நனைந்த பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டபடி அவள் வருவது தெரிந்தால் பெரியமுத்து டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, இல்லாத ஓட்டையைத் தேடுவார்.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனார். வேல்முருகன் படுத்தவாக்கில் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, டயரு நல்லாத்தான இருந்துச்சு? அப்ப நான்தான் ஸ்டியரிங்க விட்டுட்டேனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். நான் விடல மாமா."

"நீ தூங்குப்பா" என்றார் பெரியமுத்து. சொல்ல வந்ததை வாங்கி வந்த ஆரஞ்சுகளோடு மேசைமேல் வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவி சித்ராவிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினார். ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள் அவள்.

"முருகேஸ்வரிக்கா போனது போனதுதான். இருக்குறவளுக்கு என்ன சொல்லப்போற?" என்றாள்.

"வேலு வீடு திரும்பட்டும். அவன் பேரு போலீஸ் கேஸ்ல இருக்கு."

வேல்முருகன் வீடு திரும்பினான். ஆடி முடியட்டும் என்றார். ஆடியும் முடியப்போனது.

அதற்குள் வளைவில் முனிக்குக் கோயில் எழும்பியது. சிமெண்டும் கம்பியும் பிஜு முதலாளி கொடுத்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவருடைய கடவுளுக்கும் இந்த முனிக்கும் சண்டை எதுவும் வரவில்லை. குற்றவாளி முனி என்று ஆகிவிட்டால், உங்கள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த வண்டியில் ஏன் பதினாலு பேர் என்று யாரும் தன்னிடம் வந்து நிற்கப் போவதில்லை. அவர் கொடுத்ததிலேயே மலிவான சிமெண்டு அதுதான்.

கோயில் திறந்த அன்று எல்லா ஜீப்புகளும் வளைவில் வரிசையாக நின்றன. சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம். பெரியமுத்துவும் போனார். வரிசையில் பாதிக்குமேல் மொட்டை டயர்கள். பழத்தை நசுக்கியபோது ஒரு வண்டி வழுக்கிக்கூடச் சென்றது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அவர் நிமிர்ந்து இலவமரத்தைப் பார்த்தார். கிளையில் அந்த டயர் தொங்கிக்கொண்டிருந்தது. பிளந்த வாயைச் சுற்றி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். முனி கடித்த டயர் என்று ஒரு கிழவி குழந்தைக்குக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். காற்றில் டயர் மெல்லத் திரும்பியது. மஞ்சளுக்குக் கீழே அந்த நாலு எண் தெரிந்தது. கடைசி இரண்டும் ஒன்று, ஒன்று. பதினோராம் வருடத்து டயர். வெடித்தபோது அதற்கு வயது பன்னிரண்டு தாண்டிவிட்டது.

பெரியமுத்து கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக இறங்கி லயத்துக்கு நடந்தார்.

பூமாரி வாசலில் விறகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "கோயில்ல சோறு போடுறாங்களாமே, சாப்பிடாம வந்துட்டீங்களா அண்ணே?" என்றாள். குத்தலா, விசாரிப்பா என்று தெரியவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். சாக்கு, வெடிப்பு, பாலிஷ், ஸ்டாண்டில் சொன்ன வாக்கியம், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் உட்கார இடம் தேடினார்.

பூமாரி விறகைப் புரட்டிப் போட்டாள்.

"அன்னைக்கு எனக்குத் தீட்டுகூட இல்லண்ணே" என்றாள். "யாரும் கேக்கலையே. என்கிட்ட வந்து கேக்கக் கூச்சம். ஊர் பூராச் சொல்லக் கூச்சமில்ல."

"தப்புத்தான் தாயி."

"அப்பிடியே இருந்திருந்தாத்தான் என்ன? அதுனால டயரு வெடிக்குமா?" கீறல் ஆறிய நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். "முருகேஸ்வரிக்கா தலையை என் மடியிலதான் வச்சிருந்தேன். அந்த ரத்தம் பட்ட சேலையத் துவைச்சுக்கிட்டு இருக்கேன், நான்தான் கொன்னேன்னு வந்து நிக்காங்க. என் வீட்டுக்காரரே ரெண்டு நாள் என் முகத்தப் பாக்கல. நீங்க எங்க இருந்தீங்க அப்ப?"

அவர் எங்கே இருந்தார் என்று இருவருக்கும் தெரியும். ரோட்டுக்கு அந்தப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குமேல் குனிந்து.

"இதை எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? என் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரிஞ்சதுதான. ஸ்டாண்டுல வச்சுச் சொல்லுங்க. நானும் வாரேன்."

மறுநாள் விடிந்ததும் பெரியமுத்து ஏணியோடு போய் இலவமரத்திலிருந்து டயரை இறக்கினார். ஸ்டாண்டுக்கு உருட்டி வந்தார். பெண்கள் ஏறுகிற நேரம். பூமாரி ஒதுங்கி நின்றாள். பூபதிராஜா பதறி ஓடி வந்தார்.

"ஏய், முனி சொத்துல கை வைக்கிற? கை விளங்காமப் போயிரும்!"

"வெளங்காத கைதான் இது" என்றார் பெரியமுத்து. மஞ்சளைத் துணியால் துடைத்தார். பிளவுக்குப் பக்கத்தில் முழுசாக இருந்த இடத்தை இரு கையாலும் வளைத்தார். காய்ந்த மண் மாதிரி வெடிப்புகள் வாயைத் திறந்தன. தூள் கொட்டியது.

"இது செத்துப் பல காலம். எனக்குத் தெரியும். தெரிஞ்சு, மேல கறுப்பப் பூசிக் குடுத்தேன். முனியும் இல்ல, பூமாரியும் இல்ல. முருகேஸ்வரியக் கொன்னது இந்த டயரு. வேலு ஸ்டியரிங்க விடல. அன்னைக்கு நீங்க கேட்டப்ப வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

கம்ப்ரஸர்கூட ஓடாத காலை அது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பூபதிராஜா குனிந்து டயரைப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது இது: "சரிப்பா, டயரு பழசுதான். வேற எடத்துல வெடிக்காம அந்த வளைவுல ஏன் வெடிச்சுச்சு? சொல்லு பாப்போம்."

பூமாரி முன்னால் வந்தாள்.

"எங்கனயாச்சும் வெடிக்கணும்லண்ணே. ஸ்டாண்டுல வெடிச்சிருந்தா உங்களுக்குக் கோயில் கட்டியிருப்பாங்க."

ஜீப்புக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. முருகேஸ்வரி போன பிறகு அந்த ஸ்டாண்டில் கேட்ட முதல் சிரிப்பு. பூபதிராஜா வெட்கத்தை மறைக்கத் தன் வண்டிக் கதவைத் தட்டினார். "சரி, சரி. நேரமாச்சு. ஏறு தாயி."

பெண்கள் நெருக்கிக்கொண்டு இடம் விட்டார்கள். முன்சீட்டில். பூமாரி ஏறப்போனாள். ஏறாமல் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். கட்டைவிரல் நகத்தை டயரில் வைத்தாள். நகம் முழுக்க வெளியே நின்றது. திரும்பிப் பெரியமுத்துவைப் பார்த்தாள்.

பெரியமுத்துவும் பார்த்தார். "இது ஆகாது பூபதி. கழட்டிரு" என்றார்.

பூபதிராஜா தலையைச் சொறிந்தார். "இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும்யா. நீதான போன மாசம் சொன்ன?"

சொல்லியிருந்தார். பெரியமுத்து வண்டிக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றினார். "தாங்காது. நான் சொன்னது பொய். இறங்குங்க தாயி, எல்லாரும் இறங்குங்க." அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது. பெண்கள் டயரைப் பார்த்தார்கள், நேரத்தைப் பார்த்தார்கள், தூக்குவாளியைப் பார்த்தார்கள். மேஸ்திரி ஆள் எடுக்கும் நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைய வேலை இல்லை. யாரும் இறங்கவில்லை. பூபதிராஜா ஜீப்பைப் பின்னால் எடுத்து, அவரைச் சுற்றிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாகக் கிளப்பினார்.

பூமாரி தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். எப்போதும் இடமில்லாமல் பிதுங்குகிற அந்த ஜீப்பில், முன்சீட்டில் அவளுக்காக விட்ட இடத்தில் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. அந்த இடம் காலியாகவே அவளைத் தாண்டிப் போயிற்று. பெரியமுத்து வண்டி வளைவில் மறையும்வரை ரோட்டில் நின்றார். மறைந்த பிறகும் நின்று, வேறெதுவும் கேட்கக்கூடாதே என்று, அடுத்த வளைவில் அடிக்கும் ஹாரன் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.